40 நிமிடத்தில் வேலை செய்தது மூலிகையா?

துலாக்கோல்:
ஆண்மைக்குறைவுக்கான மூலிகைகளைப் பற்றி நண்பர் வேர்க்கொடி நேற்றிரவு ஓர் அனுபவக் குறிப்பு எழுதியிருந்தார். “முழுக்க முழுக்க மூலிகை” என்று அட்டையில் அச்சிட்ட கேப்சூல் ஒன்றை விழுங்கியதாகவும், சரியாக 40 நிமிடத்தில் அது வேலை செய்ததாகவும், முகம் சூடேறி மூக்கு அடைத்துக்கொண்டது உடலில் தேங்கிய கழிவு வெளியேறியதற்கு அடையாளம் என்றும், இனி எந்த ஆங்கில மருந்தும் இதன் கிட்டே வரமுடியாது என்றும் அதில் சொல்லியிருந்தார். அதைப் படித்த பலர் வாழ்த்து வேறு தெரிவித்திருக்கிறார்கள். எனக்குத் தூக்கம் போய்விட்டது.

அவர் படம் எடுத்துப் போட்ட அட்டையில் ஒன்பது சரக்குகள் இருக்கின்றன: நெருஞ்சில், அமுக்கரா, பூனைக்காலி விதை, நிலப்பனைக் கிழங்கு, தண்ணீர்விட்டான் கிழங்கு, சாலாமிசிரி, அக்கரகாரம், ஜாதிக்காய், சிலாசத்து. இவற்றில் எது 40 நிமிடத்தில் விறைப்பை உண்டாக்கும் என்று யாராவது எனக்குக் காட்டட்டும். சூரணமானாலும் லேகியமானாலும் ஒரு மண்டலம் சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்றுதான் எந்த வைத்தியரும் சொல்வார். விழுங்கிவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள் என்று சொல்லமாட்டார். 40 நிமிடம் என்பது மூலிகைக் கணக்கே அல்ல, சில்டெனாஃபில் கணக்கு, அதாவது வயாகரா மாத்திரையில் இருக்கும் மருந்தின் கணக்கு. அந்த மருந்து அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கும். இரத்தக் குழாய்களைத் தளர்த்துவதால் முகம் சிவக்கும், மூக்கு அடைக்கும், சிலருக்குத் தலைவலியும் வரும். கழிவு வெளியேறியதாக நண்பர் எழுதியது, அந்த மருந்தோடு வரும் தாளில் பக்கவிளைவு என்ற தலைப்பின் கீழ் அச்சாகியிருக்கிறது.

வேர்க்கொடி:
துலாக்கோல் அவர்களுக்கு என்னுடைய உடம்பைப் பற்றி என்னைவிட அதிகமாகத் தெரிந்திருப்பதில் மகிழ்ச்சி. மூன்று தலைமுறையாகச் சரக்கு இடித்துச் சலித்த குடும்பத்திலிருந்து வருகிறேன் என்பதை அவர் மறந்துவிட்டார். எனக்கு 40 நிமிடத்தில் பலன் கிடைத்தது, கிடைத்தவன் சொல்கிறேன். ஆய்வுக்கூடம்தான் வேண்டுமென்றால் அதையும் தருகிறேன். நெருஞ்சில் குறித்து 2017ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வொன்றில் 180 ஆண்கள் கலந்துகொண்டார்கள். பாதிப்பேருக்கு நெருஞ்சில் சாறு, மறுபாதிக்கு வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பது கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. 12 வாரத்தில் நெருஞ்சில் எடுத்தவர்களுக்கு விறைப்புத் திறன் மதிப்பெண் கூடியது. அடுத்து என்ன சொல்லப்போகிறீர்கள்?

துலாக்கோல்:
அடுத்து, நீங்களே எழுதிய வாக்கியத்தை நீங்களே ஒருமுறை படியுங்கள் என்று சொல்லப்போகிறேன். 12 வாரம் என்கிறீர்கள், 40 நிமிடம் என்று அந்த ஆய்வில் எங்கே இருக்கிறது? அதில் ஒரு நாளைக்குக் கொடுத்த அளவு 1500 மில்லிகிராம். உங்கள் அட்டையிலோ “தனியுரிமைக் கலவை, 700 மில்லிகிராம்” என்று ஒரே வரிதான் இருக்கிறது. எந்தச் சரக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லவில்லை. ஒன்பதும் சம அளவு என்றே வைத்துக்கொண்டாலும் நெருஞ்சிலின் பங்கு 78 மில்லிகிராமுக்கு மேல் வராது, அதாவது ஆய்வில் ஒரு நாளுக்குக் கொடுத்ததில் இருபதில் ஒரு பங்குதான். இருபதில் ஒரு பங்கு சரக்கு, 12 வாரத்து வேலையை 40 நிமிடத்தில் முடித்துவிட்டதா? பிறகு, 30 ஆண்களுக்கு 30 நாள் தினமும் 800 மில்லிகிராம் நெருஞ்சில் கொடுத்துப் பார்த்து, வெற்று மாத்திரையைவிட மேலாக ஒன்றும் நிகழவில்லை என்று 2014இல் வந்த ஆய்வும் இருக்கிறது. அது உங்கள் கண்ணில் படாதது வியப்பில்லை.

பச்சிலை:
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். நெருஞ்சில், நெருஞ்சில் என்று இருவரும் எழுதுகிறீர்களே, எந்த நெருஞ்சில்? தரையோடு படர்ந்து, மஞ்சள் பூப் பூத்து, காலில் தைக்கும் முள்காய் காய்க்கிறதே, அது சிறுநெருஞ்சில். ஆய்வுகளில் வருவது அதுதான். யானை நெருஞ்சில் என்பது எள்ளின் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு செடி. அதன் ஒரு கிளையை ஒடித்து ஒரு சொம்புத் தண்ணீரில் போட்டுக் கலக்கிப் பாருங்கள், தண்ணீர் முட்டையின் வெள்ளைக்கரு போலக் கொழகொழவென்று ஆகி, சாய்த்தால் நூல் நூலாக இறங்கும். அதைக் கண்ணால் கண்டுவிட்டு, இது விந்தைக் கெட்டிப்படுத்தும் என்று நம்பியவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அட்டையில் நெருஞ்சில் என்று மட்டும் இருந்தால் உள்ளே இருப்பது எது என்று எப்படித் தெரியும்?

வேர்க்கொடி:
யானை நெருஞ்சிலுக்கும் சிறுநெருஞ்சிலுக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு நான் ஒன்றும் நேற்றுப் பிறந்தவன் இல்லை. அட்டையில் இருப்பது சிறுநெருஞ்சில்தான்.

பச்சிலை:
அட்டையில் “சிறு” என்ற சொல் இல்லை. பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். முள்காயின் படம் இருக்கிறது. அந்தக் காயின் வடிவத்தைப் பார்த்தால் எனக்கென்னவோ யானை நெருஞ்சில் போலத்தான் தோன்றுகிறது.

எட்டாம்பக்கம்:
ஒரு சிறிய வேண்டுகோள். “வேலை செய்தது” என்று எல்லோரும் எழுதுகிறோம், எந்த வேலை என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆசை கூடுவது வேறு, விறைப்பு நிற்பது வேறு, விந்தணு எண்ணிக்கை வேறு, நேரம் நீடிப்பது வேறு. நான்கையும் தனித்தனியாகப் பிரித்துக்கொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும் அல்லவா?

முகில்:
துலாக்கோல் ஐயா மறுபடியும் தராசைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். சென்ற முறை சிலாசத்து பற்றிய விவாதத்தில் அதை ஒரு மரத்தின் பிசின் என்று அடித்துச் சொன்னவரும், மலைப்பாறை இடுக்குகளிலிருந்து கசியும் பொருள் அது என்று நான் எடுத்துக் காட்டியபோது பதிலே பேசாமல் மூன்று வாரம் காணாமல் போனவரும் இவர்தான். அவர் இன்று சரக்குகளின் இலட்சணத்தைப் பற்றி நமக்குப் பாடம் எடுக்கிறார்.

துலாக்கோல்:
“பிசின் போன்ற பொருள்” என்று எழுதினேன், “மரத்தின்” என்ற சொல் நீங்களாகச் சேர்த்தது. மூன்று வாரம் வராததற்கு எனக்கு வேறு வேலை இருந்ததுதான் காரணம், உங்கள் வாதத்தின் கூர்மை அல்ல. இதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். விறைப்பு எப்படி நிகழ்கிறது என்பது ஒன்றும் மந்திரம் அல்ல. கிளர்ச்சி ஏற்படும்போது நரம்பு முனைகளிலிருந்தும் இரத்தக் குழாயின் உட்சுவரிலிருந்தும் நைட்ரிக் ஆக்சைடு வெளிப்படுகிறது. அது ‘சைக்ளிக் ஜிஎம்பி’ என்ற பொருளை உண்டாக்க, அந்தப் பொருள் தசைகளைத் தளர்த்த, இரத்தம் உள்ளே பாய்ந்து நிற்கிறது. அந்தப் பொருளைச் சிதைக்கிற நொதி ஒன்று உண்டு, பிடிஇ-5 என்பார்கள். சில்டெனாஃபில் அந்த நொதியின் கையைக் கட்டிப்போடுகிறது. டடலாஃபிலும் அதே வேலையைத்தான் செய்கிறது. நைட்ரிக் ஆக்சைடு உடலில் தூது செல்வதைக் கண்டறிந்த மூவருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு மார்ச்சில்தான் சில்டெனாஃபிலுக்கு அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது. நெஞ்சுவலிக்காகச் சோதித்த மருந்து அது என்பது ஊரறிந்த கதை. இந்த வழியில் ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்யும் சரக்கு அந்த ஒன்பதில் எது? அமுக்கராவா? 40 முதல் 70 வயது வரையிலான, எடை கூடிய ஆண்களிடம் நடந்த 2019ஆம் ஆண்டு ஆய்வில், எட்டு வாரம் அமுக்கரா எடுத்தபோது டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் வெற்று மாத்திரையைவிட 14.7 விழுக்காடு கூடுதலாக உயர்ந்தது, உண்மை. ஆனால் அதே ஆய்வில் பாலியல் நலனில் இரண்டு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தெரியவில்லை. முதல் பாதியை மட்டும் விளம்பரத்தில் போடுவார்கள், இரண்டாம் பாதியை விட்டுவிடுவார்கள். பூனைக்காலி விதையில் எல்-டோபா இருக்கிறது, அது மூளைக்குப் போகும் சரக்கு. அக்கரகாரத்தை நாக்கில் வைத்தால் சுருசுருவென்று மரத்துப்போய் எச்சில் ஊறும். அந்தச் சுருசுருப்பை வீரியம் என்று எடுத்துக்கொண்டால் பல்வலி உள்ளவன் எல்லாம் வீரியவான்தான். ஆகவே மறுபடியும் கேட்கிறேன், 40 நிமிடம் எங்கிருந்து வந்தது?

முகில்:
ஒரு மூலிகையும் ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்யாது என்று இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்களே, யோகிம்பே என்ற ஆப்பிரிக்க மரத்தின் பட்டையைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லையா? அதிலுள்ள யோகிம்பைன் விழுங்கிய ஒரு மணி நேரத்துக்குள் இரத்தத்தில் உச்சத்தைத் தொட்டுவிடும். சில்டெனாஃபில் வருவதற்கு முன் ஆண்மைக்குறைவுக்கு மருத்துவர்களே அதை எழுதிக் கொடுத்தார்கள். பட்டையிலிருந்து வருவது மூலிகை இல்லையென்றால் வேறு என்ன?

துலாக்கோல்:
அந்த ஒன்பதில் யோகிம்பே இருக்கிறதா?

முகில்:
நான் கேட்டது அதுவல்ல.

துலாக்கோல்:
நான் கேட்டது அதுதான். அட்டையில் உள்ள ஒன்பதைப் பற்றித்தான் தொடக்கத்திலிருந்து பேசிக்கொண்டிருக்கிறேன். பத்தாவதாக ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டு என்னை மடக்கிவிட்டதாக நீங்கள் நினைத்துக்கொண்டால் அது உங்கள் விருப்பம். போகட்டும், நீங்களே எடுத்ததால் சொல்கிறேன். யோகிம்பே சேர்ந்ததாகச் சொல்லி விற்ற 49 தயாரிப்புகளைச் சோதித்து 2015இல் ஓர் ஆய்வு வந்தது. ஒரு வேளை அளவில் யோகிம்பைன் சுத்தமாக இல்லாததிலிருந்து 12.1 மில்லிகிராம் வரைக்கும் இருந்தது. அதாவது ஒரு குப்பியில் தவிடு, பக்கத்துக் குப்பியில் இரத்த அழுத்தத்தையும் படபடப்பையும் ஏற்றிவிடக்கூடிய மருந்தளவு. உங்கள் உதாரணம் உங்கள் கட்சிக்கே எதிரான சாட்சி.

முகில்:
“40 நிமிடம் மூலிகைக் கணக்கே அல்ல” என்று பொதுவாக எழுதியது யார்? ஒன்பதின் கணக்கு என்று நீங்கள் எழுதவில்லை. மேலே அப்படியே இருக்கிறது, யாரும் அழிக்கவில்லை.

வேர்க்கொடி:
முகில் நண்பருக்கு நன்றி. துலாக்கோல் அவர்கள் சில்டெனாஃபில், சில்டெனாஃபில் என்று ஜபிக்கிறார். என்னிடம் தயாரிப்பாளர் தந்த சோதனைச் சான்றிதழே இருக்கிறது. ஈயம், பாதரசம், ஆர்சனிக், காட்மியம் எல்லாம் அனுமதித்த அளவுக்குக் கீழே; பூஞ்சை இல்லை, கிருமி இல்லை. முத்திரையும் கையெழுத்தும் உள்ள தாள். கலப்படம் என்று சொல்லுவதற்கு முன் ஒருவர் வாயைக் கழுவிக்கொள்ள வேண்டும்.

துலாக்கோல்:
அந்தத் தாளில் சில்டெனாஃபில் என்ற சொல் இருக்கிறதா? இல்லை. ஈயத்தைத் தேடினால் ஈயம் இருக்கிறதா இல்லையா என்றுதான் தெரியும். சாவியைக் காணோம் என்று வந்தவனிடம், வீட்டில் எலி இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கதைதான் இது. சில்டெனாஃபிலைத் தேடினால்கூடப் போதாது. மூலக்கூறில் ஓரத்தில் ஒரு சிறு மாற்றம் செய்து, வழக்கமான சோதனையில் சிக்காதபடி அதன் பங்காளிகளைப் போட்டுவிடுகிறார்கள். அவற்றை மனிதர்களிடம் யாரும் முறையாகச் சோதித்ததே கிடையாது.

2007 முதல் 2016 வரை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கலப்படம் என்று எச்சரித்த துணைச்சத்துப் பொருட்கள் 776. அவற்றில் ஆண்மைக்கென்று விற்றவை 353. அந்த 353இல் 166இல் சில்டெனாஃபில் இருந்தது. ஏறக்குறைய சரிபாதி.

வேர்க்கொடி:
கலப்படம் என்று பிடிபட்டவற்றை மட்டும் வரிசையில் நிறுத்தி, அதில் பாதி கலப்படம் என்று எண்ணிக் காட்டுகிறீர்கள். சிறைக்குள் நின்று எண்ணினால் எல்லோரும் திருடர்தான். பிடிபடாதவை எத்தனை, சுத்தமானவை எத்தனை என்ற கணக்கு அதில் இல்லை. என் கேப்சூல் அந்த 353இல் ஒன்றா என்று மட்டும் சொல்லுங்கள்.

துலாக்கோல்:
உங்கள் கேப்சூல் அந்தப் பட்டியலில் இருக்கிறது என்று நான் சொல்லவே இல்லை. உங்கள் 40 நிமிடம் அந்தப் பட்டியலில் இருக்கிறது என்றுதான் சொல்கிறேன்.

எட்டாம்பக்கம்:
நான் முன்பே கேட்டிருந்தேன். அந்த 180 பேரின் ஆய்வு அளந்தது விறைப்பை. அமுக்கரா ஆய்வில் கூடியது ஹார்மோன். ஒருவர் ஒன்றைக் காட்ட, மற்றவர் வேறொன்றை மறுக்கிறார். “வேலை” என்றால் என்ன?

பச்சிலை:
இப்போதுதான் என் பழைய படங்களைத் தேடி ஒப்பிட்டுப் பார்த்தேன். சிறுநெருஞ்சில் காய் ஐந்து பிளவாக உடையும், ஒவ்வொன்றிலும் முள் இருக்கும். யானை நெருஞ்சில் காய் கூர்நுனிக் கோபுரம் போல, நான்கு மூலையிலும் ஒரு முள்ளோடு இருக்கும். அட்டையில் இருப்பது நான்கு மூலை. என் வாதம் நிரூபணமாகிவிட்டது.

வேர்க்கொடி:
அட்டையில் படம் வரைந்தவர் தாவரவியல் படித்தவராக இருக்க வேண்டும் என்று எங்கும் விதி இல்லை.

பச்சிலை:
படம் வரைந்தவருக்குத் தெரியாதது, சரக்கு வாங்கியவருக்குத் தெரிந்திருக்கும் என்று நம்புகிறீர்கள். நல்லது.

முகில்:
துலாக்கோல் அவர்களின் ஆங்கில மருந்து மட்டும் என்ன, எல்லோருக்கும் பலித்துவிடுகிறதா? சில்டெனாஃபில் குறித்து 1998இல் வெளியான ஆய்விலேயே, அந்த மருந்தை எடுத்தவர்களின் முயற்சிகளில் 69 விழுக்காடு வெற்றி என்றால், வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் 22 விழுக்காடு வெற்றி. ஐந்தில் ஒன்றுக்கு மேல் மனம் செய்த வேலை. வேர்க்கொடிக்கு 40 நிமிடத்தில் கிடைத்தது அந்த 22ஆக இருந்துவிட்டுப் போகட்டுமே. மூலிகையும் இல்லை, கலப்படமும் இல்லை, நம்பிக்கை. அதில் உங்களுக்கு என்ன நட்டம்?

வேர்க்கொடி:
நண்பரே, நீங்கள் எனக்குத் துணைக்கு வந்தீர்களா, குழிபறிக்க வந்தீர்களா? என்னுடையது நம்பிக்கை அல்ல. சரக்கு. எனக்குக் கற்பனை வியாதி எதுவும் கிடையாது.

துலாக்கோல்:
முகில் அவர்களே, நம்பிக்கையால் விறைப்பு வரலாம், ஒப்புக்கொள்கிறேன். நம்பிக்கையால் மூக்கு அடைக்குமா? அதுவும் குறித்து வைத்தாற்போல 40 நிமிடத்தில்?

என்ன நட்டம் என்று கேட்டீர்கள். நெஞ்சுவலிக்காக நைட்ரேட் மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கும் ஒருவர், தனக்கு ஆங்கில மருந்து ஆகாது என்று மருத்துவர் சொன்னதாலேயே மூலிகையைத் தேடிப் போகிறார். அவர் வாங்கும் குப்பியில் அதே மருந்து ஒளிந்திருந்தால் இரத்த அழுத்தம் தடாலென்று இறங்கி ஆளே சாய்ந்துவிடுவார். யார் இதைத் தொடவே கூடாதோ அவர்தான் முதல் ஆளாக வாங்குகிறார். 2008இல் சிங்கப்பூரில் ஐந்தே மாதத்துக்குள் சர்க்கரை நோயே இல்லாத 150 பேர், இரத்தச் சர்க்கரை பாதாளத்துக்கு இறங்கிய நிலையில் மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். ஏழு பேர் நினைவிழந்து கிடந்தார்கள், நான்கு பேர் இறந்தார்கள். தேடிப் பார்த்தபோது, ஆண்மைக்கென்று கள்ளத்தனமாக விற்ற மாத்திரைகளிலும் மூலிகைத் தயாரிப்புகளிலும் சர்க்கரை நோய்க்கான கிளிபென்கிளமைடு மிக அதிக அளவில் இருந்தது தெரிந்தது. இதுதான் நட்டம்.

வேர்க்கொடி:
எங்கோ எவனோ செய்த கள்ள மாத்திரையைக் கொண்டுவந்து என் தலையில் கட்டுகிறீர்கள். எனக்குச் சர்க்கரையும் இறங்கவில்லை, நினைவும் தப்பவில்லை. மிகையாகச் சொன்னால், அன்றிரவு எதிரே இருந்த வெள்ளைச் சுவர் மட்டும் சற்று நீலம் பாய்ந்தாற்போலத் தெரிந்தது. அவ்வளவுதான். அது புது எல்இடி விளக்கு.

துலாக்கோல்:
நீலமா?

துலாக்கோல்:
இதை நேற்றே ஏன் எழுதவில்லை? விழித்திரையில் பிடிஇ-6 என்று இன்னொரு நொதி இருக்கிறது. சில்டெனாஃபில் அதையும் கொஞ்சம் தொட்டுவிடுவதால் சிலருக்குப் பார்ப்பதெல்லாம் நீலச்சாயலாகத் தெரியும். நெருஞ்சிலுக்கு இந்த வித்தை தெரியாது, அது யானை நெருஞ்சிலானாலும் சரி. முகச் சூடு, மூக்கடைப்பு, நீலச் சுவர், 40 நிமிடம். இதற்குமேல் அந்தக் கேப்சூல் தானே எழுந்து நின்று தன் பெயரைச் சொல்ல வேண்டுமா?

முகில்:
எல்இடி விளக்கில் நீலம் தூக்கலாகத்தான் இருக்கும். என் வீட்டிலும் இருக்கிறது. நான் எந்தக் கேப்சூலும் எடுத்துக்கொள்வதில்லை.

பச்சிலை:
“அது யானை நெருஞ்சிலானாலும் சரி” என்று துலாக்கோல் எழுதியதன் மூலம் அட்டையில் இருப்பது யானை நெருஞ்சில்தான் என்பதை அவரும் ஏற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்கிறேன்.

துலாக்கோல்:
அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எட்டாம்பக்கம்:
சரி, ஆசையை விட்டுவிடுவோம், விந்தணுவை விட்டுவிடுவோம். விறைப்பை மட்டும் வைத்துக்கொள்ளலாமா?

வேர்க்கொடி:
விளக்கை மாற்றிவிட்டு, பழைய மஞ்சள் குண்டு பல்பின் கீழ் உட்கார்ந்து, கைக்கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, இன்று மாலை மறுபடியும் ஒன்று எடுத்துக்கொண்டேன். சுவர் மஞ்சளாகத்தான் இருந்தது. மூக்கு லேசாக அடைத்தது, அது எனக்கு ஒரு வாரமாகவே இருக்கும் சளி. பலன் தெரிய 40 நிமிடம் ஆகவில்லை, ஒரு மணி 25 நிமிடம் ஆயிற்று. ஆக, 40 நிமிடம் என்பது சில்டெனாஃபில் கணக்கு என்ற உங்கள் வாதம் உங்கள் வாயாலேயே அடிபட்டுப் போயிற்று. இனி என்ன சொல்வீர்கள்?

துலாக்கோல்:
எடுத்துக்கொண்டது வெறும் வயிற்றிலா, எண்ணெயும் நெய்யுமாக வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகா? கொழுப்பு மிகுந்த உணவுக்குப் பின் எடுத்தால் சில்டெனாஃபில் இரத்தத்தில் ஏறுவது ஏறத்தாழ ஒரு மணி நேரம் தள்ளிப்போகும்.

வேர்க்கொடி:
நான் என்ன சாப்பிட்டேன் என்பதை உங்களிடம் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.